எனக்கே நான் கட்டிய அடிமனை வாடகை

2014 கிறிஸ்துமஸ் அன்று காலை பதினொரு மணிக்குக் கீழ்வீட்டு அம்மா மாடிப்படி ஏறி வந்து எங்கள் கதவைத் தட்டினார். எழுபது வயது, முழங்கால் வலி. அவர் படி ஏறுவதே அபூர்வம். வாழ்த்து அட்டை கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவைத் திறந்தால், கையில் ஒரு பழுப்பு உறை. உள்ளே ஓர் இருபது பவுண்டு நோட்டும் ஓர் ஐந்து பவுண்டு நோட்டும்.

"கிரவுண்ட் ரென்ட், லவ்," என்றார். "இன்னைக்குத்தானே தேதி."

"யாருக்குக் கொடுக்கறீங்க?"

"நமக்குத்தான்."

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் யோசித்தார். நானும் யோசித்தேன். அடுப்பில் குருமா அடிபிடிக்கிற வாசனை வந்ததால் உறையை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு ஓடினேன். அந்த உறை அங்கேயே ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது.

கிழக்கு லண்டனில், லேட்டன்ஸ்டோனில், விக்டோரியா ராணி காலத்து வீடு ஒன்றை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். கீழே அந்த அம்மா, நடுவில் நாங்கள், கூரைக்கடியில் ஓர் இளைஞரும் அவருடைய காதலியும் ஒரு நாயும். 2010-இல் நாங்கள் வாங்கியபோது 'வீடு வாங்கியாச்சு' என்றுதான் ஊரெல்லாம் சொன்னோம். உண்மையில் வாங்கியது லீஸ். சென்னைக்காரர்களுக்கு லீஸ் என்றதும் போக்கியம் ஞாபகம் வரும், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியிருந்து, காலி செய்யும்போது திருப்பி வாங்கிக்கொள்வது. இது அப்படியில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃப்ளாட் வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது இத்தனை வருடம் அனுபவிக்கும் உரிமை. எங்களுடையது 1988-இல் எழுதிய 99 வருட லீஸ். மண்ணும் கட்டடமும் வேறொருவருடைய ஃப்ரீஹோல்டு, அதாவது காலக்கெடு இல்லாத முழுச் சொந்தம். அந்த மண்ணுக்காக அவருக்கு நாம் வருடாவருடம் கட்டுவதுதான் கிரவுண்ட் ரென்ட். பராமரிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதற்குத் தனி பில் வரும். கிரவுண்ட் ரென்டுக்குப் பதிலாக எந்தச் சேவையும் கிடையாது.

என் அம்மாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கும்பகோணத்தில் எங்கள் தாத்தா வீடு கோயில் மனையில் இருந்தது. "அடிமனை வாடகைதானே?" என்றாள் போனில். "மண்ணு சாமியோடது, சுவரு நம்மோடது." அவ்வளவுதான். இருநூறு பக்கப் புத்தகம் எழுதினாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. புரியாமல் விழித்தவர் சென்னையில் ஃப்ளாட் வாங்கிய என் மைத்துனர்தான். அங்கே பத்திரத்திலேயே யூடிஎஸ் என்று நிலத்தில் இத்தனை சதுர அடி பிரிக்கப்படாத பங்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மண் இல்லாமல் ஃப்ளாட் மட்டும் வாங்குவது அவருக்கு ஏமாந்த சோணகிரி வேலையாகப் பட்டது. மறுக்க என்னிடம் பதில் இல்லை.

எங்கள் லீஸ்படி முதல் 33 வருடம் வருடத்துக்கு 50 பவுண்டு, அடுத்த 33 வருடம் 100, கடைசி 33 வருடம் 150. பாதியை ஜூன் 24 அன்றும் மீதியை டிசம்பர் 25 அன்றும் கட்ட வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று யார் வாடகை கேட்பார்கள் என்று சிரிக்காதீர்கள். மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 என்ற நாலும் நூற்றாண்டுகளாக இந்த நாட்டில் வாடகைக்கும் கூலிக்கும் கணக்குத் தீர்க்கிற நாட்கள். நம் ஊரில் ஆடிக்கும் தைக்கும் குத்தகை நெல் அளந்த மாதிரி. வக்கீல்கள் இன்னமும் அந்தத் தேதிகளையே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது ஃப்ரீஹோல்டு ஒரு கம்பெனியின் கையில் இருந்தது. பெயர் வேண்டாம். 25 பவுண்டு பத்து நாள் தாமதமானதற்கு 60 பவுண்டு 'நிர்வாகக் கட்டணம்' போட்டு ஒருமுறை கடிதம் அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை நான் இன்னும் கிழித்துப் போடவில்லை.

2014 தொடக்கத்தில் அந்தக் கம்பெனி தன் கையிலிருந்த வீடுகளை விற்க ஆரம்பித்தது. 1987-ஆம் வருடச் சட்டப்படி ஃப்ரீஹோல்டை வெளியாருக்கு விற்கும் முன் குடியிருக்கும் லீஸ்காரர்களிடம் முதலில் கேட்க வேண்டும். யோசிக்க இரண்டு மாதமாவது தர வேண்டும், பாதிக்கு மேற்பட்ட ஃப்ளாட்காரர்கள் சம்மதித்தால் அவர்களுக்குத்தான். நோட்டீஸ் வந்தது. மொத்தம் 24,000 பவுண்டு, வீட்டுக்கு 8,000, அதற்கு மேல் வக்கீல் செலவு. மூன்று வீட்டாரும் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் சரி என்றோம். மூன்று வீடும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்றார் கீழ்வீட்டு அம்மா.

யார் பெயரில் வாங்குவது என்றதில் ஒரு சிக்கல். ஒரு நிலத்தின் உரிமைப் பதிவில் நாலு பேருக்கு மேல் இருக்க முடியாது, 1925-இலிருந்து இப்படித்தான். நாங்கள் இருவர், மேலே இருவர், கீழே ஒருவர், ஆக ஐந்து. கம்பெனி ஒன்று தொடங்கி அதன் பெயரில் வாங்கலாம் என்றார் வக்கீல். மூன்று வீட்டுக்குக் கம்பெனியா என்று, வீட்டுக்கு ஒருவராகப் பெயர் கொடுத்தோம். எங்கள் வீட்டில் என் பெயர். என் கணவர் அதிலிருந்து என்னை 'ஜமீன்தாரிணி' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

"லீஸையும் சேர்த்து நீட்டிவிடலாமே, கூடுதலாகக் கொஞ்சம்தான் ஆகும்," என்று வக்கீல் அப்போதே சொன்னார். ஏற்கெனவே கையைக் கடித்திருந்ததால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றோம். இந்தக் கதையில் நாங்கள் செய்த பெரிய தப்பு இதுதான்.

விஷயத்தைக் கேட்ட அம்மா ரொம்ப நேரம் சிரித்தாள். "அப்ப சாமியும் நீதான், அடிமனை கட்டறவளும் நீதானாடி?"

ஆமாம் என்றுதான் நினைத்தேன். சட்டம் அப்படி நினைக்கவில்லை. ஷேர் ஆஃப் ஃப்ரீஹோல்டு என்று வீட்டு விளம்பரங்களில் போடுவார்கள், அதைப் பார்த்தால் லீஸ் ஒழிந்துவிட்டது போலத் தோன்றும். ஒழியவில்லை. மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து. நடு ஃப்ளாட்டின் லீஸ்காரர்கள் நானும் கணவரும். இந்த இரண்டு தரப்பும் ஒன்றல்ல, அதனால் லீஸ் மண்ணோடு கரைந்துவிடாது. தனக்குத்தானே லீஸ் எழுதிக்கொள்ள முடியாது என்று 1962-இல், அன்றைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் சொன்னது. ஒரு கட்டடத்தைச் சேர்ந்து வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் அதைத் தங்களுக்கே வாடகைக்கு விட்டுக்கொண்ட கதை அது. ஆனால் மூன்று பேர் ஒருவருக்குக் கொடுத்தால் அது உயிருள்ள லீஸ். அதில் எழுதிய 50 பவுண்டும் உயிரோடுதான் இருக்கிறது. நான் கட்ட வேண்டியது எனக்கல்ல, எங்கள் மூவருக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது என்பது அப்புறம்.

மேல்வீட்டு இளைஞரிடம் இதைச் சொன்னபோது, "என் பணத்தை என் இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றச் சொல்றீங்களா?" என்றார். கீழே கேட்டால், "கையெழுத்துப் போட்ட காகிதம் காகிதம்தானே?" என்பார். முப்பது வருடம் தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்தவர், காகிதத்தை நம்புகிறவர். நான் குடியிருப்பது நடுவில்.

இரண்டு பேர் சொன்னதும் சரி என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 2002-ஆம் வருடச் சட்டம் ஒன்று, கிரவுண்ட் ரென்டை முறையான நோட்டீஸ் அனுப்பிக் கேட்டால்தான் கட்டக் கடமை உண்டு என்கிறது. லீஸில் என்ன தேதி இருந்தாலும், நோட்டீஸில் சொல்லும் கெடு அது கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குக் குறையவும் கூடாது, 60 நாளைத் தாண்டவும் கூடாது. படிவமும் அரசு சொன்ன படிவமாகவே இருக்க வேண்டும். ஆக யாரும் கேட்காதவரை மேல்வீட்டார் பாக்கி வைத்தவர் ஆகமாட்டார். ஆனால் கடமை செத்துப்போகவில்லை, தூங்குகிறது. நாளைக்கே மூவரில் யாருக்காவது மனஸ்தாபம் வந்து, அல்லது ஒருவர் இறந்து அவருடைய வாரிசு வந்து, பழைய லீஸைத் தூசி தட்டினால் எழுந்து உட்காரும். வாடகைப் பாக்கியை ஆறு வருடம் வரை பின்னோக்கிக் கேட்க வழியிருக்கிறது. இதற்காக யாரும் வீட்டைப் பறிக்க மாட்டார்கள், 350 பவுண்டுக்கு மேற்படாத பாக்கி மூன்று வருடத்தைத் தாண்டாமல் அந்தப் பேச்சே எடுக்க முடியாது. எங்கள் விஷயத்தில் என்மேல் வழக்குப் போட வேண்டிய நில உரிமையாளர்களில் நானும் ஒருத்தி!

சரி, முறையாகவே செய்வோம் என்று 2016 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று படிவங்களை அச்செடுத்து மேசையில் வைத்தேன். 'நில உரிமையாளர்' என்ற இடத்தில் எங்கள் மூன்று பெயர். 'லீஸ்தாரர்' என்ற இடத்தில் என் பெயரும் கணவர் பெயரும். தொகை 25 பவுண்டு. கெடு ஜூன் 24. கீழே நில உரிமையாளராகக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அதை மடித்து உறையில் போட்டு, என் பெயரையே எழுதி, மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த கணவரிடம் நீட்டினேன். அவர் பிரித்துப் படித்துவிட்டு, "இவங்க ரொம்பக் கறார் போல இருக்கே," என்றார். மேல்வீட்டார் தனக்கு வந்த நோட்டீஸைக் காந்தம் வைத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினார், அதை நாயின் தடுப்பூசி அட்டைக்குப் பக்கத்தில் பிற்பாடு பார்த்தேன். ஆனாலும் கட்டினார். மூன்று வீட்டுப் பணமும் ஒரு பொதுக் கணக்கில் சேர்ந்தது. வருடத்துக்கு 150 பவுண்டு. கட்டட இன்சூரன்ஸுக்கு ஒரு பகுதியாவது ஆயிற்று.

இப்படி ஒழுங்காக நடந்தது எவ்வளவு காலம்? இரண்டே வருடம். படிவம் அச்சிடுகிற ஆள் நான்தான், எனக்குக் குழந்தை பிறந்தது. 2018-இல் நோட்டீஸ் போகவில்லை, பணமும் வரவில்லை, யாரும் கேட்கவில்லை.

அந்த வருடமே மேல்வீட்டார் கனடா போவதாக வீட்டை விற்றார். வாங்குகிறவரின் வக்கீல் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, கடைசியாகக் கிரவுண்ட் ரென்ட் கட்டிய ரசீது எங்கே என்பதுதான். ரசீது கொடுக்க வேண்டியது யார்? நாங்கள் மூவர், விற்கிறவரும் அதில் ஒருவர். பாக்கி ஏதும் இல்லை, கேட்கவும் மாட்டோம் என்று ஒரு கடிதம் தட்டச்சு செய்து மூவரும் கையெழுத்துப் போட்டோம். தான் யாருக்கும் கடன்படவில்லை என்று தனக்கே சான்றிதழ் கொடுத்துக்கொண்டு அவர் விமானம் ஏறினார்.

புதிதாக வந்தவர் கானாவைச் சேர்ந்த செவிலியர், இரவுப் பணி, பேசினால் தங்கமான மனுஷி. 'ஷேர் ஆஃப் ஃப்ரீஹோல்டு' என்று விளம்பரத்தில் பார்த்து, அதற்கான விலையும் கொடுத்துத்தான் வாங்கியிருந்தார். 2021-இல் அடமானக் கடனை வேறு வங்கிக்கு மாற்றப் போனபோது பார்த்தால், மண்ணின் பதிவில் அவர் பெயரே இல்லை. லீஸ் மாறியிருக்கிறது, மண்ணின் பங்கு மாறவில்லை. அது தனிப் பத்திரம். பழைய மூவரும் சேர்ந்து புதிய மூவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது. இரு தரப்பு வக்கீல்களில் யாரும் அதை ஞாபகப்படுத்தவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. மூன்று வருடமாகக் கனடாவில் கால்கரியில் உட்கார்ந்திருந்தவர் லேட்டன்ஸ்டோனில் நிலச்சுவான்தார். இங்கே குடியிருந்தவர் எங்கள் குடித்தனக்காரர். சட்டப்படி பார்த்தால் அந்தச் செவிலியர் கனடாக்காரருக்கும் சேர்த்து அடிமனை வாடகை கட்ட வேண்டியவர்.

கனடாவுக்கு மின்னஞ்சல் போட்டேன். "என் பங்கு வாடகை எங்கே?" என்று ஒரே வரியில் பதில். கீழே சிரிப்புப் பொம்மை. சாட்சி முன்னால் கையெழுத்துப் போட்டு, அடையாளச் சான்று இணைத்து, பத்திரம் தபாலில் வந்து சேர மூன்று மாதம். நல்ல மனிதர், பொறுமையாகச் செய்தார். பதில் போடாத ஆளாக இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பகிர்ந்த ஃப்ரீஹோல்டு உள்ள ஃப்ளாட் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: இரண்டு பத்திரம், இரண்டு பதிவு. இரண்டிலும் உங்கள் பெயர் வந்ததா என்று நீங்களே பாருங்கள்.

அந்தக் குழப்பத்தின் நடுவில்தான் கீழ்வீட்டு அம்மா தன் லீஸை எடுத்து வந்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். 1988-உடன் 33-ஐக் கூட்டினால் 2021. வாடகை ஐம்பதிலிருந்து நூறு ஆகிவிட்டது. நாங்கள் கட்டாமல் இருந்த தொகை இருமடங்காகியிருந்தது. அதைவிட மோசம், லீஸில் மிச்சம் 66 வருடம். மண் நம்முடையது என்பதால் லீஸ் தேயாமல் நிற்காது, அது பாட்டுக்குத் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். அறுபது சொச்சம் என்றால் வங்கிகள் முகம் சுளிக்கும். வெளியாருடைய ஃப்ரீஹோல்டாக இருந்தால் 80 வருடத்துக்குக் கீழே போன லீஸை நீட்ட ஆயிரக்கணக்கில் அழ வேண்டும். எங்களுக்கு வக்கீல் செலவும் பதிவுச் செலவும் மட்டுந்தான். அதைத்தான் ஏழு வருடம் தள்ளிப் போட்டிருந்தோம்.

2023-இல் மூன்று லீஸையும் 999 வருடமாக எழுதினோம். பழையதை ஒப்படைத்துப் புதியதைக் கொடுத்ததாகத்தான் சட்டம் இதைப் பார்க்கிறது. அதனால் கடன் கொடுத்த வங்கிகளின் சம்மதம் வேண்டும், அதற்கு மட்டும் நாலு மாதம். வாடகை? 'ஆண்டுக்கு ஒரு மிளகு, கேட்கப்பட்டால்.'

பெப்பர்கார்ன் என்று வக்கீல்கள் சொல்வது நம் மிளகைத்தான். ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் ஏதாவது கைமாற வேண்டும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பிடிவாதம். ஒன்றும் வாங்காதபோது பெயருக்கு ஒரு மிளகு. 2022 ஜூன் 30 முதல் எழுதும் பெரும்பாலான புதிய வீட்டு லீஸ்களில் மிளகுக்கு மேல் கிரவுண்ட் ரென்ட் வாங்கவே கூடாது என்று சட்டமாகிவிட்டது. எங்களைப் போல ஒத்துக்கொண்டு நீட்டுகிறவர்கள் பழைய லீஸின் மிச்ச வருடங்களுக்குப் பழைய வாடகையைத் தொடரலாம், அதற்கப்புறம் மிளகு. நாங்கள் முதல் நாளிலிருந்தே மிளகு என்றோம். யவனர்கள் பொன்னைக் கொட்டி முசிறியில் வாங்கிப் போன மிளகு, ஒன்றுமில்லை என்பதற்கு லண்டனில் அடையாளமாகியிருப்பதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பெர்முடா தீவில் ஃப்ரீமேசன் லாட்ஜ் ஒன்று பழைய அரசுக் கட்டடத்துக்கு வருடா வருடம் நிஜமாகவே ஒரு மிளகை வெள்ளித் தட்டில், வெல்வெட் மெத்தை மேல் வைத்து வாடகையாகக் கொடுக்கிறது, 1816-இலிருந்து. அம்மாவிடம் சொன்னேன். "ரசத்துக்குக்கூடக் காணாது," என்றாள்.

எல்லோரும் எங்களைப் போல மிளகுக்குப் போய்விட முடியாது. ஹாரோவில் தோழி ஒருத்தி இருக்கும் கட்டடத்தில் ஆறு ஃப்ளாட். 1993-ஆம் வருடச் சட்டத்தைப் பிடித்து நாலு பேர் சேர்ந்து ஃப்ரீஹோல்டை வாங்கினார்கள், பாதிப் பேர் சேர்ந்தால் போதும். இரண்டு பேர் வரவில்லை. நால்வருக்கும் 999 வருடம், மிளகு. இரண்டு பேர் பழைய லீஸ், பழைய வாடகை, அதுவும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே. லிஃப்டில் அவர்கள் இவளைப் பார்த்து 'வாடகைக்காரம்மா வர்றாங்க' என்பார்களாம். வேடிக்கையாகத்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும். அந்தப் பணத்தை விட்டுவிடலாமே என்றேன். இவர்கள் வாங்கியது கம்பெனி பெயரில். கம்பெனி என்றால் வருடா வருடம் பதிவகத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், ஆன்லைனில் 13 பவுண்டாக இருந்த கட்டணம் 2024 மே மாதம் 34 ஆனது. அதைக் கட்ட யாரும் நினைவு வைத்துக்கொள்ளாமல் கம்பெனியின் பெயர் பதிவேட்டிலிருந்து அடிக்கப்பட்டால், அதன் சொத்து, அதாவது நம் காலடி மண், வாரிசில்லாச் சொத்தாக அரசுக்குப் போய்விடும். அந்த இரண்டு பேர் கட்டும் அடிமனைதான் அந்தக் கட்டணத்துக்கு ஆகிறது. மிளகுக்காரர்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரு பொதுநிதி போட வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றுகிறது. அவளிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. கமிட்டியில் பேசுகிறேன் என்றாள், இரண்டு வருடம் ஆகிறது.

ஸ்காட்லாந்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அங்கே இதற்கு ஒப்பான பழைய நிலக் கட்டணத்தை 2004-இல் ஒழித்தே விட்டார்கள்.

எங்கள் புதிய லீஸ் பதிவாகி வந்த வருடம், டிசம்பர் 25 அன்று காலையில் நான் கீழே இறங்கிப் போனேன். கீழ்வீட்டு அம்மாவால் இப்போது படி ஏற முடிவதில்லை. வாசலிலேயே பழுப்பு உறையை நீட்டினார்.

"இனிமேல் இது கிடையாதே," என்றேன்.

"தெரியும். மழைநீர்க் குழாய் அடைச்சிருக்கு, என் ஜன்னல் வழியா ஊத்துது."

மேல்வீட்டுச் செவிலியரின் 25 பவுண்டும் அன்றைக்கே பொதுக் கணக்குக்கு வந்திருந்தது. நான் என் பங்கைப் போட்டேன். பிப்ரவரியில் ஏணியோடு ஓர் ஆள் வந்து 70 பவுண்டு வாங்கிக்கொண்டு குழாயைச் சுத்தம் செய்தார். வாயில் அடைத்துக்கொண்டிருந்தது ஒரு டென்னிஸ் பந்து. கனடாக்காரர் தோட்டத்தில் தன் நாய்க்கு எறிந்து விளையாடியதாகத்தான் இருக்கும் என்று சொல்லி, அதைக் கழுவித் தன் ஜன்னலோரம் வைத்திருக்கிறார் கீழ்வீட்டு அம்மா.